எங்கள் காடியின் ‘டக் டக்’

இன்று புக்கிட் பெருவாங்கிலிருந்து தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், அப்பா ஓட்டிய எங்கள் காடியின் முன்பக்கம் ‘டக் டக்’ என்று தட்டிக்கொண்டே வந்தது.

நேற்றுதான் அப்பா அதற்கு, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோவர் ஆர்மைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினார். எங்கள் காடி பழைய மாடல் கார். பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடையில் கிடைத்ததோ அடுத்த மாடலின் ஆர்ம். பொருந்துமா என்று இணையத்தில் ஓர் ஆங்கிலப் பக்கத்தை என்னிடம் படிக்கச் சொன்னார்.

“அப்படியே பொருந்தும்னு போட்டிருக்குப்பா” என்றேன்.

வாசலில் சித்தப்பா சிரித்தார். “என்னாண்ணே, காடிக்குள்ள உறுமி மேளமா?”

சக்கரத்தை ஆட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “போல்ட் பழைய மாடலு, இந்த ஆர்ம்ல ஓட்டை பெருசு. நடுவுல வர்ற ரப்பர் புஷ்ஷ மாத்தலயா? புள்ளைங்கள வச்சிக்கிட்டு இப்படியா ஓட்டிக்கிட்டு வருவ?”

“நெட்டுல பார்த்து மக சரியாத்தான் படிச்சா லா. நான்தான் காதுல வாங்கல” என்றார் அப்பா.



உள்ளே போய் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். நான் நிறுத்திய இடத்துக்கு அடுத்த வரியே, ‘ஆனால் பழைய மாடலின் புஷ்ஷை மாட்ட வேண்டும்’ என்றிருந்தது. நேற்று அப்பா படிக்கச் சொன்னது, என் துப்பறியும் நாவலில் கொலைகாரன் பிடிபடும் நேரம். அதனால் அந்தப் பக்கத்தை மேலே படிக்கவில்லை.

இந்தப் பதிவைப் படிக்கும் நீங்கள் எல்லாரும் கமெண்டில் என்னைத் திட்டலாம்.

அப்பா, என் பதிவுகளுக்கு முதல் வரியிலேயே லைக் போட்டுவிடுவீர்கள். இதை மட்டும் கடைசி வரை படியுங்கள்.