புவனேஸ்வரன் திறந்த பாட்டில்

கெடா மாநிலத்துக் குருணில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள தாமான் குடியிருப்பில் நுழைந்து, புவனேஸ்வரன் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, அந்தக் குடிகாரர் வீடா?" என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் வழி காட்டுவார்கள். பக்கத்து வரிசையில் இருக்கும் பிரேமாவதி, பெருவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். ஊர் வாய்க்கு என்ன, மூடி போட்டா வைத்திருக்கிறது.

உண்மை என்னவென்றால், அந்த மனிதர் அறுபது வயது தாண்டியும் ஒரு கிளாஸ் பீரை முழுதாகக் குடித்தவர் இல்லை. குடித்தது அவர் மனைவி தேவகி. அதையும் குடி என்று சொன்னால் நாக்கு வெந்துபோகும். ஒரு ஊருக்குப் போனால் நான்கு சின்னக் கிளாஸ், மருந்து அளக்கிற கிளாஸைவிடக் கொஞ்சம் பெரியது. அதோடு சரி.

தேவகியின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்துக் குடல் வெந்து செத்தார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் தேவகி தன் ஒரே மகள் ரூபினியை வளர்த்தாள். வாசம்கூட வீட்டுக்குள் வரக் கூடாது என்று கண்டிப்பு. ஆனால் அதே ரூபினி பிறந்தபோது, தோட்டத்து வழக்கப்படி பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற வேண்டும் என்று கருப்பு பீரில் முட்டையை அடித்துக் கொடுத்தார்கள். எல்லாப் பெண்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியதை தேவகி நாக்கில் வைத்து ருசித்துவிட்டாள். அந்த ருசியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய புருஷனிடமே பதினெட்டு வருடம் கழித்துத்தான் சொன்னாள்.

அன்றைக்கு ரூபினியை ஜார்ஜ் டவுனில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல மழை. ஒதுங்கிய கடைக்குள் ஆள் உயரத்துக்கும் மேலே எவர்சில்வர் தொட்டிகள் நின்றன. கடையிலேயே பீர் காய்ச்சுகிறார்களாம். மாவு வேகிற வாசம் கடை முழுக்க இருந்தது. தேவகி தொட்டியைப் பார்த்தாள், சுவரில் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்தாள், பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒன்னு சொன்னா திட்டமாட்டீங்களே."

அவர் திட்டவில்லை. சிரித்தார். சின்னக் கிளாஸ்களை ஒரு பலகையில் அடுக்கிக் கொண்டுவந்த பையன், கேள்வியே கேட்காமல் அதை அவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் கேட்ட எலுமிச்சைச் சாற்றை தேவகி முன்னால் வைத்தான். அவன் முதுகைத் திருப்பும் வரை காத்திருந்து இருவரும் மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ கடைகளுக்குப் போயிருக்கிறார்கள். எந்த ஊரிலும் பலகை அவர் முன்னால்தான் வந்து இறங்கியது.

அதன்பின் இருவருக்கும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஈப்போவில் கல்யாணம் என்றால் முதல் ஆளாகக் கிளம்பினார்கள். கோலாலம்பூரில் யாருக்காவது காதுகுத்து என்றாலும் தேவகி சேலையை எடுத்து வைத்துவிடுவாள். சொந்தக்காரர்களுக்கு ஆச்சரியம், இவ்வளவு பாசமா என்று. விருந்து முடிந்ததும் புவனேஸ்வரன் காடியை, அதாவது காரை, எடுப்பார். இருவரும் அந்த ஊரில் சொந்தமாகப் பீர் காய்ச்சும் கடையைத் தேடிப் போவார்கள்.

அவள் தேர்ந்தெடுப்பதைப் பார்க்க வேண்டும். கோலா கெடா பாசாரில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் எப்படி நிற்பாளோ அப்படிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். முதலில் மோந்து பார்ப்பது, பிறகு ஒரு வாய். "இது காய் பப்பாளி." "இதுல மருந்துக்கட வாசம்லா, வேணாம்." அவர் எலுமிச்சைச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், எதையும் பதறாமல் தூக்கி வைத்துப் பழகியவர். "மெதுவா குடி, அவசரமில்ல. நான்தான் இருக்கேன்ல," என்பார். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வார். அவளும் ஒவ்வொரு தடவையும் ரோட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த கிளாஸை எடுப்பாள்.

அந்தப் பார்வைக்கு ஒருநாள் வேலை வந்தது. ஈப்போவில் அப்படி ஒரு கடையிலிருந்து வெளியே வந்தபோது தேவகியின் அக்கா அழகம்மா எதிரே வந்து, காடியிலும் ஏறிக்கொண்டார். காடிக்குள் இருந்த வாசமும் புவனேஸ்வரன் கையில் இருந்த கடை பில்லும் போதாதா. அப்பா குடிக்கிறார் என்று மறுவாரமே ரூபினிக்குச் செய்தி போய்விட்டது. அன்று தேவகி அழுதாள். "எங்கப்பன் கதையச் சொல்லி வளத்த புள்ளங்க அது. நான்னு தெரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவளப் பாப்பேன்?"

"விடு. நான்னே இருக்கட்டும்," என்றார் புவனேஸ்வரன்.

அவ்வளவு சுலபமாகத்தான் அந்தப் பெயரை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அது எவ்வளவு கனக்கும் என்று அப்போது தெரியவில்லை. ரூபினி அலோர் ஸ்டாரில் ஆசிரியை ஆனாள், வசந்தனைக் கட்டினாள், ஒரு பெண்குழந்தை பெற்றாள். தாத்தா ஓட்டும் காடியில் பேத்தியை ஏற்ற மட்டும் விடவே இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் தேவகி உள்ளறைக்குப் போய்விடுவாள். அவர் மட்டும் வாசலில் நின்று கையசைப்பார்.

கடைசியாக இருவரும் போனது கோலாலம்பூருக்கு. அங்கே பலகையில் வந்த ஒரு கருப்பு பீரைக் குடித்துவிட்டு தேவகி கண்ணை மூடிக்கொண்டாள். "அடிப்பிடிச்ச சோத்து மேல குலா மலாக்கா வெல்லத்தக் காய்ச்சி ஊத்துன மாதிரி இருக்குங்க." வாழ்க்கையில் முதல் தடவையாக, பெரிய கிளாஸில் இன்னொன்று கேட்டாள். "நான் செத்தா எனக்கு இதத்தான் படைக்கணும், சொல்லிட்டேன்." அவர் சிரித்தார். பீரின் பெயரைப் பார்த்து வைக்கவில்லை. வரும் வழியெல்லாம் மழை, கண்ணாடி ஏற்றியிருந்தது. அவர் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினாள். அந்த மூச்சு காடி முழுக்க நிறைந்திருந்தது.

அடுத்த மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டாள்.

கருமாதிப் படையலில் அவளுக்குப் பிடித்த இடியாப்பம், நண்டுக் குழம்பு, கோப்பி எல்லாம் வைத்தார்கள். ஒன்று மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தக் குறை முள்ளாகத் தங்கிவிட்டது.

வீட்டில் தனியாக இருப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சோறு வடித்தால் மீந்தது. டிவியை ஓடவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். தொலைபேசியில் ரூபினிதான் பேச்சை எடுத்தாள். "ப்பா, நீங்க குடிய விட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அம்மா தெவசம் முடிஞ்சதும் இங்கேயே வந்துருங்க. ரூம் ரெடியா இருக்கு."

"விட்டுட்டேன்மா," என்றார். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. மறுமுனையில் மகள் அழுதது கேட்டது. பேத்தி பக்கத்தில் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அவருக்கு உடனே கிளம்பிப் போய்விடலாம்போல் இருந்தது.

ஆனால் அதற்கு முன் அந்தக் கருப்பு பீரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கோலாலம்பூர் கடைக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போனார். சுவரில் இருந்த பெயர்கள் எல்லாம் மாறியிருந்தன. "எந்தக் கருப்பு அங்கிள்?" என்று கேட்ட சீனப் பெண்ணுக்கு அவரால் பெயர் சொல்ல முடியவில்லை. அடிப்பிடித்த சோற்றைப் பற்றி மலாயில் சொல்லிப் பார்த்தார். அவள் பாவம், இருந்த கருப்பு பீரையெல்லாம் சின்னக் கிளாஸில் ஊற்றிப் பலகையில் கொண்டுவந்தாள். இந்த முறையும் பலகை அவர் முன்னால் வந்தது, ஆனால் மாற்றிக்கொள்ள எதிரே ஆள் இல்லை. பழக்க தோஷத்தில் கொஞ்சம் தள்ளியும் வைத்துவிட்டார். பிறகு இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். எதுவும் அவள் சொன்னது இல்லை. ஒன்றை நாக்கில் வைத்தார், கசந்தது. அப்படியே விட்டுவிட்டு எழுந்தபோது, "தாக் செடாப், அங்கிள்?" என்று அந்தப் பெண் முகம் வாடிப் போனாள். ருசி இல்லையா என்று கேட்ட பிள்ளையிடம் முழுக் காசையும் கொடுத்தார். அங்கே முன்பு கருப்பு பீர் காய்ச்சியவர் வேலையை விட்டு ஈப்போவில் தனிக்கடை போட்டிருக்கிறார் என்று அவள்தான் வழி சொல்லி அனுப்பினாள்.

ஈப்போ கடையில் மத்தியான நேரத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை. பலகை வந்தது. முதல் கிளாஸ் இல்லை, இரண்டாவதும் இல்லை. அடுத்ததை மூக்கருகே கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. அது காடிக்குள் இருந்த வாசம். ஏற்றிய கண்ணாடி, வெளியே மழை, அவர் பக்கம் சாய்ந்த தலை. கிளாஸைக் கீழே வைக்க முடியாமல் பிடித்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தார்.

திதியன்று ரூபினியும் வசந்தனும் குழந்தையோடு காலையிலேயே வந்துவிட்டார்கள். ரூபினி அவருடைய துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கி, வசந்தன் காடியின் பின்பக்கத்தில் ஏற்றியும் விட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அவர் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. நண்டு உடைத்துக்கொண்டே பெரியம்மா அழகம்மாவிடம், "எங்கம்மா மூக்குக்கு அந்த வாசமே ஆகாது பெரியம்மா. அப்பாவோட எப்படித்தான் குடும்பம் நடத்துனாங்களோ. இப்பவாவது விட்டாரே," என்று சொன்னது அவர் காதில் விழுந்தது.

படத்துக்கு முன்னால் இலை போட்டு எல்லாம் பரிமாறினார்கள். கற்பூரம் காட்டினார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போக வேண்டும். செத்தவர்கள் யார் கண்ணும் படாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதற்கு அந்தக் கொஞ்ச நேரம். புவனேஸ்வரன் அந்தக் கதவைத்தான் நம்பியிருந்தார். கடைசி ஆளாகப் பின்தங்கி, பாட்டிலை ஊற்றி வைத்துவிட்டு வருவது, திரும்ப முதல் ஆளாக உள்ளே போய் எடுத்து மறைத்துவிடுவது என்று கணக்கு.

ஒரு குடிகாரனுக்கு இந்தத் திட்டம் பலித்திருக்கும். குடிக்காத மனிதர், பாட்டிலை யார் கண்ணிலும் படக் கூடாது என்று துணி அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தார். கெடாவின் வெயிலில் அது வெந்நீராகக் கொதித்துக் கிடந்தது. போதாக்குறைக்கு, இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் பத்துத் தடவை நடந்துவிட்டார். இத்தனை வருடமும் யாரோ குளிர வைத்து யாரோ திறந்துகொடுத்ததைத்தான் பார்த்திருக்கிறார். தன் கையால் மூடியைத் திறந்தது அதுதான் முதல் முறை. பீர் பொங்கி சுவரிலும் இலையிலும் அவர் வேட்டியிலும் அடித்தது. மிஞ்சியதைக் கிளாஸில் ஊற்றினார், விளிம்பு வரை நுரை நின்றது. வேட்டியைத் துடைக்கத் துணி தேடும்போதே, உள்ளே என்ன சத்தம் என்று அழகம்மா கதவைத் தள்ளிவிட்டார்.

வாசம் அறையைவிட்டு முதலில் வெளியே போனது. அதற்குப் பின்னால் ரூபினி உள்ளே வந்தாள். ஈர வேட்டியைப் பார்த்தாள், கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"அம்மா படையல்லயேவாப்பா."

உங்கம்மாவுக்குத்தான் என்று ஒரே வார்த்தை. சொல்லிவிட்டால் பெட்டி காடியிலேயே இருக்கும். ராத்திரி அலோர் ஸ்டாரில் பேத்தி பாடும் பாட்டைக் கேட்டுக்கொண்டே சாப்பிடலாம். மகளின் தலைக்கு மேலே தேவகி படத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ரோட்டுப் பக்கம் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"பழக்கம்மா. விட முடியல," என்றார்.

ரூபினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் காடியில் உட்கார்ந்துவிட்டாள். அழகம்மா தலையில் அடித்துக்கொண்டு அவள் பின்னால் போனார். வசந்தன்தான் பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். எப்போதாவது நண்பர்களோடு குடிக்கிறவன். சுவரில் வழிந்திருந்ததையே பார்த்தான்.

"மாமா, ஐஸ்ல வெக்காமலேயே தொறந்தீங்களா?"

"ஏன் தம்பி, வெக்கணுமா?"

வசந்தன் அவரை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். வெளியே ஹாரன் அடித்தது. பெட்டியின் கைப்பிடியை மடக்கிவிட்டு, மாமனாரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

காடிச் சத்தம் ரயில் பாதையைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது. புவனேஸ்வரன் அறைக்குள் திரும்பி, இலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். விளிம்பு வரை ஊற்றிய கிளாஸில் பாதிதான் இருந்தது. நுரை அடங்கினால் அப்படித்தான் குறையும், எத்தனை கடையில் பார்த்திருக்கிறார். தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அதைக் கையால் தொட மனம் வரவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

"மெதுவா குடி தேவகி," என்றார். "அவசரமில்ல. நான்தான் இருக்கேன்ல."