சிறுநீரகம் அனுப்பும் துகள்கள்

மெல்பேர்ன்காரர்களிடம் ‘யா, நா’ என்றொரு பதில் இருக்கிறது. ஓமும் இல்லையும் ஒரே மூச்சில். ‘இல்லை’ என்பதே அதன் பொருள் என்று எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. அந்நகரின் கிளேட்டன் பகுதியில் எங்கள் ஆய்வுகூடத் தலைவர் கிரெக்கிடம், நான் ஆராய்ந்துவந்த புரதத்தை இன்னும் ஒருமுறை சோதிக்கட்டுமா என்று கேட்டேன். ‘யா, நா’ என்றார். ‘ஓம்’ என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டேன்.

உடலின் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை இரத்தத்தில் விட்டபடி இருக்கிறது. எது எங்கிருந்து வந்தது என்பதை அதன் மேற்பரப்பிலுள்ள புரதங்களைக் கொண்டு அறியலாம். சிறுநீரகத்துக்கு மட்டுமே உரியதென்று நான் நம்பிய ஒரு புரதத்தை, ‘ஈரலிலும் இருக்கும், விட்டுவிடு’ என்று கிரெக் ஏற்கெனவே ஒதுக்கியிருந்தார்.

என்னால் விட முடியாது. வவுனியாவில் அண்ணாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, சோதனைக்காக அதில் சதைத் துணுக்கு எடுக்க முதுகில் ஊசி ஏற்றினார்கள். இரத்தம் கசிந்து ஒரு கிழமை ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தார். மறுபடியும் எடுக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், ‘இன்னொருக்கா என்னைக் குத்த விடமாட்டன்’ என்று எழுந்து வந்துவிட்டார். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று இன்றுவரை எவருக்கும் சரியாகத் தெரியாது. கையில் எடுக்கும் இரத்தத்திலேயே அதை அறியலாம் என்று நம்பித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

நான் தொடர்வதை அறிந்து கிரெக்கின் முகம் சிவந்தது.

‘வேண்டாமென்றேனே!’

‘முதலில் ஓம் என்றீர்கள்,’ என்றேன். ‘இரண்டு சிறுநீரகங்களும் அகற்றப்பட்டவர்களின் இரத்தம் நம்மிடம் இருக்கிறது. இந்தப் புரதம் அதிலும் தெரிந்தால் நானே விட்டுவிடுகிறேன்.’

சோதித்தேன்; தெரியவில்லை. மற்ற எல்லோரின் இரத்தத்திலும் இந்தப் புரதத்தைக் காட்டிய கோடு அவர்களுடையதில் விழவே இல்லை. கிரெக் திரும்பவும் செய்யச் சொன்னார்; செய்தேன். அதே வெறுமை.

‘குட் ஆன் யா,’ என்று மெச்சினார் கிரெக். ‘கட்டுரையை எழுதத் தொடங்கு.’

‘மெல்பேர்ன்காரர்களின் இரத்தம் மட்டும் போதாது. வவுனியாவிலும் பார்க்கவேண்டும்.’

‘அங்கே இரத்தம் சேகரிக்க அனுமதி எடுப்பதற்குள் களைத்துவிடுவாய்.’

‘களைக்கமாட்டேன்.’

அண்ணாவைத் தொலைபேசியில் அழைத்து முடிவைச் சொன்னேன். ‘அப்ப இனி முதுகில குத்தமாட்டினமோ?’ என்றார்.

‘இது இப்ப ஆராய்ச்சிதான் அண்ணா. வைத்தியத்துக்கு வரக் கனகாலம் எடுக்கும்.’

‘எடுக்கட்டும். என்ர இரத்தத்தையும் எடு.’

எங்கள் குளிர்ப்பெட்டியில், நோயற்றவர்களின் வரிசையில், என் இரத்தமும் இருக்கிறது. குழாயின் மேல் ஊர்: மெல்பேர்ன். அனுமதிக்கு விண்ணப்பித்த அன்று, அதற்குப் பக்கத்துக் குழியைக் காலியாக்கி ‘வவுனியா’ என்று எழுதி ஒட்டினேன்.