ஐம்பது மீற்றரும் ஒரு கைதட்டலும்

காலையில் ஆறு மணிக்கு வெள்ளைப் பிரம்பை எடுத்துக்கொண்டு கொக்குவில் ஒழுங்கைகளில் நடக்கப் போவேன். முக்கால் மணித்தியாலம். நடப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. நடக்க விடாதவர்களிடமிருந்து தப்புவதுதான் பெரும்பாடு. நான் பாட்டுக்கு மதிலோரமாகப் போய்க்கொண்டிருப்பேன், பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து நிற்கும்.

"எங்கை பிள்ளை போகோணும்? வாங்கோ, கொண்டுபோய் விடுறன்."

"ஒரு இடமும் இல்லை ஐயா. சும்மா நடக்கிறன்."

"சும்மாவோ?"

கண் தெரியாத ஒருத்தி கோயிலுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தன் உடம்புக்காக நடக்கலாம் என்பது மட்டும் எங்கள் ஆட்களுக்குப் பிடிபடுவதில்லை. சிலர் கேட்கவும் மாட்டார்கள். கையைப் பிடித்து வீதியின் மறுபக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, புண்ணியம் செய்த திருப்தியோடு போய்விடுவார்கள். எனக்கு மறுபக்கத்தில் ஒரு வேலையும் இல்லை. நான் திரும்பக் கடந்து வர வேண்டும்.

கோபம் வருகிறது என்றால் நன்றி கெட்டவள் என்பார்கள். வருகிறதுதான். அது எங்கே தொடங்கியது என்றும் எனக்குத் தெரியும்.

நான் சண்டிலிப்பாயில் பிறந்தவள். அப்பாவுக்குத் தோட்டம். மரக்கறியும் புகையிலையும். பிறவியிலேயே எனக்குப் பார்வை இல்லை. பதினொரு வயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒரு விடுதியில் என்னைச் சேர்த்தார்கள். அங்கிருந்து பக்கத்தில் இருந்த பெரிய பாடசாலைக்குப் போய், பார்வையுள்ள பிள்ளைகளோடு படித்தேன். என் வகுப்பில் கண் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

விடுதியில் நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம். அதுதான் பிரச்சினை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கனடாவில் ஒரு பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் இங்கே விடுதிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. லண்டனில் இருப்பவரின் தகப்பனாருக்கு ஆண்டு நினைவு என்றால் சாப்பாடு. கிழமையில் நாலு நாளாவது யாரோ ஒருவர் பிறந்தோ இறந்தோ எங்களுக்கு வடையும் பாயாசமும் வரும். பிறந்தநாள் என்றால் கேக்கும் ஐஸ்கிறீமும். நாங்கள் வரிசையாக நின்று, கண்டறியாத ஒரு பிள்ளைக்கு வாழ்த்துப் பாடுவோம். யாரோ அதைத் தொலைபேசியில் படம்பிடித்து அனுப்புவார்கள். "நல்லாச் சாப்பிடுங்கோ, வெக்கப்படாதேங்கோ" என்று இரண்டாம் முறையும் போடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் வாகனம் போகும் சத்தம் கேட்கும். எங்களில் ஒருவரின் பெயரையும் அவர்கள் கேட்டதில்லை. மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு நான் கட்டிலில் கிடந்து, வீட்டில் இப்போது அம்மா என்ன சமைத்திருப்பாள் என்று யோசிப்பேன்.

பாடசாலையில் என் வேலை புத்தகப் பைகளுக்குக் காவல் இருப்பது. உடற்கல்விப் பாடம் வந்தால் வகுப்பு முழுவதும் மைதானத்துக்கு ஓடும். "நீர் இரும், விழுந்திடுவீர், நாங்கள் வாறம்" என்பார்கள் சக மாணவிகள். குரலில் உண்மையான அன்பு இருக்கும். போய்விடுவார்கள். நானும் நாற்பது பைகளும் மிஞ்சுவோம். எந்தப் பையில் என்ன சாப்பாடு இருக்கிறது என்று மணத்தை வைத்தே சொல்லிவிடுவேன். வெளியே விசில் சத்தமும் சிரிப்பும் கேட்கும். பெரிய மழையை வீட்டுக்குள் இருந்து கேட்பதுபோல அதைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். திரும்பி வந்ததும் காவலுக்குக் கூலியாக ஆளுக்கொரு துண்டு றோல்ஸோ பணியாரமோ என் கையில் வைப்பார்கள். மூன்று வருடம் அப்படித்தான் போனது. எனக்குத் துணை இருந்ததா என்று யாராவது கேட்டால், நிறையத் தின்பண்டம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினாலு வயதில் பாடசாலையில் மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். நான் தராசில் ஏறினேன். நிறை பார்த்த தாதி இன்னொரு முறை என்னை இறக்கி ஏற்றினாள். பிறகு பொதுவாகக் கேட்டாள்:

"இந்தப் பிள்ளை ஓடியாடித் திரியிறேல்லையோ?"

அந்த மண்டபத்தில் அவ்வளவு நேரமும் சந்தைபோல் சத்தம் இருந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் எல்லோரும் அமைதியானார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அப்போதுதான் புதிதாக ஒரு உடற்கல்வி ரீச்சர் மாற்றலாகி வந்திருந்தா. அவ இனிமையாகக் கதைக்கத் தெரியாதவ. அடுத்த உடற்கல்விப் பாடத்துக்கு வகுப்பறை வாசலில் வந்து நின்று, "நீ ஏன் உதிலை இருக்கிறாய்?" என்றா.

"பை பாக்கிறன் ரீச்சர்."

"பைக்குக் கால் முளைச்சு ஓடாது. நீ எழும்பு."

எழும்பினேன். என்னை ஒருவர் அதட்டி எவ்வளவு காலம்! உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

ரீச்சர் முதலில் விடுதிக்குப் போய், பொறுப்பாக இருந்த அக்காவுடன் கதைத்தா. குரக்கன் புட்டு, கீரை, அவித்த கடலை, பழம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். இனி அன்னதானம் தருகிறவர்களிடமும் இதையே கேட்பது என்று முடிவு. அக்கா முதல் தொலைபேசி அழைப்பை எடுத்தபோது நாங்கள் பக்கத்தில் நின்றோம். மறுபக்கத்துக் குரல் எங்களுக்கே கேட்டது.

"என்ன கதைக்கிறியள் நீங்கள்? அப்பான்ரை நினைவுநாளிலை கண் தெரியாத பிள்ளையளுக்குக் கீரையும் கடலையுமோ குடுக்கிறது? சனம் என்ன சொல்லும்?"

பாயாசம் வந்தது. வடையும் வந்தது. அக்கா எங்களுக்கு அளந்து கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினா. அந்த ஒரு விஷயத்தில் அவவுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆசையோடு நீட்டிய என் தட்டை மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாக இறக்கி வைப்பா.

பிறகு ஓட்டம். பாடசாலை தொடங்குமுன் ரீச்சர் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போவா. நடக்கும்போது ஒரு காலாவது எப்போதும் நிலத்தில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் நிலத்தை விட்டுவிடும் ஒரு கணம் வருகிறது. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. எனக்கு அந்தக் கணத்தில் உலகத்தில் ஒன்றுமே இருக்காது. முதல் நாள் அதற்குப் பயந்து அழுதேன். ரீச்சர் பத்தடி தள்ளிப்போய் நின்று கைதட்டினா. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி.

"என்ரை கையைக் கேட்டுக்கொண்டு வா. நான் உன்னைப் பிடிக்க வரமாட்டன். நீதான் வந்து என்னிலை முட்டோணும்."

முட்டினேன். அவவின் சட்டையில் வியர்வையும் நோவெண்ணெயும் மணத்தன. அடுத்த நாள் இருபதடி. விழுந்து முழங்கால் உரிந்தபோது, "தட்டிப்போட்டு எழும்பு" என்றா. நாலு மாதத்தில் ஐம்பது மீற்றர் ஓடினேன். மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினேன். சட்டைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. அதெல்லாம் பெரிதில்லை. ஒருவரும் என் கையைப் பிடிக்காமல், நானே ஒரு இடத்தில் தொடங்கி நானே இன்னொரு இடத்தில் போய் முடிக்கிறேன். பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றை நான் செய்ததில்லை.

தை மாதக் கடைசியில் இல்ல மெய்வல்லுநர் போட்டி, பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து ஓடவும் பாயவும் விடும் விளையாட்டு விழா. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் அது ஒரு திருவிழா மாதிரி. இல்லங்களுக்குச் சோடனை, வாத்தியம், பிரதம விருந்தினர், ஊர்ச் சனம் எல்லாம் இருக்கும். அதில் என்னுடைய ஓட்டத்தையும் ஒரு நிகழ்ச்சியாகப் போட ரீச்சர் சண்டை பிடித்து அனுமதி வாங்கினா. எனக்கு வெற்றி தோல்வி இல்லை. தனியாகத்தான் ஓடப்போகிறேன். கோட்டைத் தொட்டால் போதும். தொட்டால், விடுதியின் மற்றப் பிள்ளைகளையும் மைதானத்துக்கு இறக்கலாம் என்று பாடசாலை அதிபரிடம் கேட்க ரீச்சருக்கு ஒரு நியாயம் கிடைக்கும். இரவில் படுத்தாலும் அந்த இரண்டு தட்டும் இடைவெளியும் என் காதில் கேட்டபடி இருக்கும்.

அறிவிப்பாளர் எங்கள் தமிழ் சேர். மைக் கிடைத்தால் மனிதர் சாதாரணமாகக் கதைக்க மாட்டார். ரீச்சர் அவரிடம் மூன்று தரம் சொன்னதை நான் கேட்டேன். "சேர், பிள்ளை ஓடேக்கை ஒரு சத்தமும் வரப்படாது. அவள் என்ரை கைதட்டலைக் கேட்டுத்தான் ஓடுறவள். சனத்துக்கு வடிவாச் சொல்லுங்கோ."

"அதை என்னட்டை விடுங்கோ" என்றார் சேர்.

சொன்னபடி அறிவித்தார். மைதானம் அடங்கியது. அவ்வளவு சனம் இருந்தும் தூரத்தில் எங்கோ ஒரு மாடு கத்தியது கேட்டது. நான் கோட்டில் நின்றேன். நேரே முன்னால், இரண்டு தட்டு, ஒரு இடைவெளி. விசில் ஊதியதும் ஓடினேன்.

நன்றாகத்தான் ஓடினேன். காலடியில் மண் சரியாக இருந்தது. தட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. பாதி தாண்டியிருப்பேன். அந்த இடத்தில் சேரால் பொறுக்க முடியவில்லை. ஒலிபெருக்கியில் அவருடைய குரல் தழுதழுத்தபடி வந்தது: "பாருங்கள் பெருமக்களே! இருளைக் கிழித்துக்கொண்டு வருகிறாள் எங்கள் வீரமகள்!"

யாரோ ஒருவர் கைதட்டினார். அவ்வளவுதான். நாலு பக்கமும் வெடித்தது. பின்னால் கைதட்டல், இடப்பக்கம் கைதட்டல், வலப்பக்கம் விசில், வாத்தியக்காரர் வேறு பறையில் போட்டார்கள். ரீச்சரின் தட்டு அதற்குள் காணாமற்போனது. நான் ஐந்தாறு அடி ஊகத்தில் ஓடினேன். திடீரென்று காலடியில் புல் வந்தது. ஓடுபாதை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. நின்றேன்.

நின்றதும் சனம் நான் களைத்துவிட்டேன் என்று நினைத்தது. என்னை உற்சாகப்படுத்த இன்னும் பலமாகத் தட்டியது. அவர்கள் பலமாகத் தட்டத் தட்ட எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "நிப்பாட்டுங்கோ" என்று கத்தினேன். கைதட்டலுக்குள் அது எனக்கே கேட்கவில்லை. கையை முன்னால் நீட்டினேன். ஒன்றுமில்லை. வகுப்பறையில் பைகளோடு இருந்தபோதுகூட நான் அப்படித் தனியாக இருந்ததில்லை. ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்கும் நான் நிற்பதன் காரணம் தெரியவில்லை.

யாரோ வந்து என் கையைப் பிடித்தார்கள். பிடித்தபடியே கொண்டுபோய்க் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். பிரதம விருந்தினர் தலையைத் தடவி ஒரு கிண்ணமும் பெரிய பால்மா ரின் ஒன்றும் தந்தார். படம் எடுத்தார்கள். "கண் கலங்கிப்போச்சு" என்று ஒரு அம்மா என் கன்னத்தில் கொஞ்சினா. ரீச்சர் சேருடன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு அவ வந்து என் பக்கத்தில் இருந்தா.

"கோடு இன்னும் எவ்வளவு தூரம் இருந்தது ரீச்சர்?"

"பதினைஞ்சு மீற்றர் இருக்கும்."

அடுத்த வருடத்துக்கு முன் ரீச்சருக்கு இடமாற்றம் வந்தது. பதிலுக்கு வந்தவர் நல்லவர். என்னைப் பத்திரமாக இருக்கச் சொன்னார்.

போட்டி நடந்த அன்று பின்னேரம் அப்பா என்னைத் தேடி வந்தார். தோட்டத்தில் தண்ணீர் இறைப்பை விட்டுவிட்டு, சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். எனக்கு அவர் வந்தது அதுவரை தெரியாது. அவர் அதிகம் கதைக்காதவர். சோடாப் போத்தலை என் கையில் வைத்தார். கிண்ணத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். விரல்களில் மண்வெட்டி பிடித்த காய்ப்பு கிண்ணத்தில் உரசும் சத்தம் கேட்டது.

"நீ கோட்டிலை நிக்கேக்கைதான் வந்து சேந்தனான். உந்தக் கயிற்றுக்குப் பக்கத்திலைதான் பிள்ளை நிண்டனான்" என்றார். "நீ பாதி வரேக்கை என்னாலை நிக்கேலாமல் போச்சு. ஒருத்தரும் தட்டேல்லை. என்ரை பிள்ளை ஓடுறாள், இதுகள் பேசாமல் நிக்குதுகளே எண்டு எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. நான்தான் முதல் கைதட்டினது. பிறகுதான் எல்லாரும் தட்டினவை."

நான் சோடாவைக் குடித்தேன். அது மூக்கில் ஏறியது.

"உனக்குக் கேட்டதோ பிள்ளை?"

அப்பா என் வாழ்க்கையில் என்னிடம் ஆசையாகக் கேட்ட கேள்விகள் மிகக் குறைவு. குரலைக் கேட்டால் சின்னப்பிள்ளை மாதிரி இருந்தது. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது, அந்தக் கைகளைப் பிடித்து அடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

"ஓம் அப்பா," என்றேன். "உங்கடை தட்டு மட்டும் தனியாக் கேட்டது. அதைக் கேட்டுத்தான் ஓடினனான்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். அதை இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்து முதலில் அதைத்தான் சொல்வார்.