மாற்றி விழுந்த ஒரு சீட்டும் ரங்கண்ணனும்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது: சென்ற செவ்வாய்க்கிழமை விடிகாலை நம் ஊரில் பாதி சைக்கிள்களுக்குக் காற்று இல்லை. பனியன் கம்பெனிக்குப் புறப்பட்டவர்கள் டயர் தட்டையாகவும் முகம் அதைவிடத் தட்டையாகவும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். வழக்கமாகக் கிளையில் தொங்கும் பம்பு அன்று தொங்கவில்லை. "இந்த வால்பசங்க வேலையாத்தான் இருக்கும்" என்று எங்கள் கூட்டத்தின் மேல் பழி விழுந்தது. செய்யாத குறும்புக்குத் திட்டு வாங்குவது எத்தனை அநியாயம் என்று வாதாடிக்கொண்டிருந்தபோதே, எதிரே சைக்கிள் கடைக்குப் பின்னாலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பம்பை எடுத்து மாட்டுகிற கை போய்விட்டிருந்தது. ரங்கண்ணன் காலமாகிவிட்டார்.

வாடகை சைக்கிளும் பஞ்சர் ஒட்டுவதும் அவர் தொழில். வாயோ தனித் தொழில் நடத்தியது. "ஏனுங்ணா, சாமி சும்மா குடுக்கற காத்துக்குப் போயி காசு வாங்கறீங்களே?" என்று ஒருநாள் சீண்டினோம். "சாமி குடுக்கற காத்து வெளியில நிறைய இருக்குது கண்ணு. வாயில புடிச்சு டயருக்குள்ள நீயே ஊதிக்க" என்றார். காசு கொடுத்துத்தான் காற்றடித்துக்கொண்டோம்.

தேர்தல் வந்தால் இரண்டு கட்சிச் சைக்கிள் ஊர்வலமும் அவர் கடையில்தான் காற்றடித்துக்கொள்ளும். "காத்துல ஏது கண்ணு கட்சி?" என்பார். அந்தப் பேச்சுத்தான் பிறகு அவர் கழுத்துக்கு வந்தது.

நம் ஊர் ஓட்டுப் போடும் விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. முருகன் கோவிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போடுவார்கள். ஒரு குழந்தை எடுக்கும். எந்தப் பூ வருகிறதோ, அதற்கென்று பேசி வைத்த கட்சிக்கே ஊர் முழுவதும். சென்ற தேர்தலில் வெள்ளை வந்தது. எண்ணிக்கை அன்று சாயங்காலம் ஏஜெண்டாகப் போனவர் முகம் தொங்கத் திரும்பினார். நம் பெட்டியில் ஒரே ஒரு ஓட்டுச் சீட்டு மற்றக் கட்சிக்கு மாற்றி விழுந்திருந்தது.

ஜெயித்தது என்னவோ நாம் போட்ட ஆள்தான். இருந்தாலும் சாமி வாக்கு பொய்த்துவிட்டதாம். எல்லாக் கண்களும் ரங்கண்ணன் மேல் திரும்பின. கோவிலுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு தூணோடு தூணாக நின்றேன்.

ஊர்ப் பெரியவர் சொன்னார்: "ஏப்பா ரங்கா, நீ போடலீன்னா கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணீட்டுப் போயிரு. உன்ற தொல்லை தீந்துது."

"என்ற தொல்லை தீந்துருங்க. அடுத்தது யாரை அணைக்கச் சொல்லுவீங்க?"

"எல்லாரையுந்தான். ஆள் சிக்கற வரைக்கும்."

"அப்ப இந்தப் பழி என்னோடவே நின்னுக்கட்டுங்க, சாமி."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தார்.

அன்றிலிருந்து ஊருக்கு அவரோடு பேச்சு இல்லை. பஞ்சரான சைக்கிளை அவர் கடை வாசல் வழியாகவே பல்லடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெயிலில் வியர்த்து வழிந்தபடி, கடைப்பக்கம் திரும்பாமல். வாடகைச் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. வீட்டில் உலை வைக்க வேண்டுமே என்று திருப்பூரில் ஒரு சலவைப் பட்டறைக்கு வேலைக்குப் போனார். பனியன் துணியை வெளுக்கிற பவுடர் அவர் நெஞ்சையும் சேர்த்து வெளுத்தது. இருமல் போகவே இல்லை. ஆனாலும் தினமும் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது பம்பை வேப்பங்கிளையில் மாட்டிவிட்டுப் போவார். வெளிச்சம் வருவதற்குள் ஊர் சத்தமில்லாமல் காற்றடித்துக்கொள்ளும்.

"நெசமா நீங்கதான் போட்டீங்களாண்ணா?" என்று ஒருமுறை, யாரும் பார்க்காதபோது கேட்டேன். இருமி முடித்துச் சிரித்தார். "திரைக்குள்ள நானும் சாமியும்தான் கண்ணு இருந்தோம். சாமியே வெளிய சொல்லுல. நான் சொன்னா மரியாதையா இருக்குமா?"

சாவில் பகை வேண்டாம் என்று பெரியவர் சொல்லியனுப்பினார். ஊரே வந்தது, ஓட்டுப் போடப் போனது போலவே, ஒன்றாக. அந்தச் சீட்டு ரங்கண்ணன் போட்டதல்ல என்றால், போட்டவரும் கூட்டத்தில் இருந்திருப்பார். எல்லோரும்தான் அழுதோம். அதனால் அழுகையை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. நம் படிப்பகத்தின் இந்தக் கையெழுத்து இதழை அந்தச் சீட்டைப் போட்டவரும் படிக்கலாம். அவர் யாரென்று எனக்குத் தெரிய வேண்டாம். ரங்கண்ணன் எதைக் கொடுத்து அவரைக் காத்தார் என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

ரங்கண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிற அந்த நிமிர்வைத்தான். எனக்கு ஓட்டு வயது வரட்டும். எந்தப் பூ வந்தாலும் நான் நினைத்த சின்னத்துக்குத்தான் போடுவேன். எவர் மிரட்டினாலும் பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவு வீரம் பேசியவன் யாரென்று கீழே தேட வேண்டாம். பெயர் போடவில்லை. என் கோழிக்கிறுக்கலை ஊரே அறியும் என்பதால், தங்கையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவள் கையால் எழுத வைத்திருக்கிறேன். அவளோ இந்த வரியை எழுதும்போதே, "அப்பா ஒரு அதட்டு அதட்டுனா நான் சொல்லிப் போடுவேன், இப்பவே சொல்லீட்டேன்" என்கிறாள். அதட்டினால் அவளுக்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.