மடிக்கக் கூடாத கம்பளம்

மீனா, சரவணா, காய்ந்த அப்பளக் கட்டின் மேல் யாரோ கால் வைத்தது மாதிரி ஒரு சத்தம், முப்பத்தைந்து வருஷமாக என் காதில் இருக்கிறது. நீங்கள் வீட்டிலேயே பர்மியத்தில் பேசிக்கொள்கிற பிள்ளைகள். நான் அதிகம் படித்தவனும் இல்லை. ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. மெதுவாகப் படியுங்கள்.

உங்கள் தாத்தா மாரிமுத்து, நம் ஊர் தாமுவே வட்டாரத்தில் பெரிய வீட்டுக் கம்பளங்களை வாங்கிவந்து கழுவி, கிழிசல் பார்த்துக் கொடுப்பவர். வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பாரசீகக் கம்பளங்கள் அவை. உள்ளே ஓடும் பருத்திப் பாவு நூலை அப்பா "எலும்பு" என்பார், அதில் முடிச்சு முடிச்சாகக் கட்டிய கம்பளியைச் "சதை" என்பார். ஓரத்துக் குஞ்சம் அழகுக்கு வைத்துத் தைத்ததல்ல, எலும்பின் நுனிதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தொட்டுக் காட்டுவார். ஒரே சிவப்பு நடுவில் கொஞ்சம் வெளிறியிருந்தால், நெய்தவர்கள் அங்கே புதுச் சாயம் காய்ச்சியிருக்கிறார்கள், அதைப் பழுதென்று சொல்லக்கூடாது என்பார். தண்ணீர் ஊற்றுமுன் ஒவ்வொரு கம்பளத்தையும் காதருகே லேசாக வளைத்துக் கேட்பார். இந்த ஊர் ஈரத்தில், பூந்தொட்டிக்கு அடியில் கிடந்து எலும்பு உளுத்திருந்தால் அது நெறுநெறுக்கும். அதை அவர் நனைக்கவே மாட்டார். பழைய கம்பளத்தைச் சுருட்டலாம், மடிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம்.

டோ நு என்ற விதவை டீச்சர் ஒரு சிவப்புக் கம்பளம் கொடுத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் கடைசிவரை படுத்திருந்த கம்பளம். அப்பா நாலு மூலையும் நடுவும் கேட்டுவிட்டு, "பழசுதான் டோ நு, ஆனா சுருட்டி வச்சா தாங்கும்" என்று வாக்குக் கொடுத்தார். கழுவிக் காயவைத்து, திருப்பிக் கொடுக்க சைக்கா ரிக்‌ஷாவில் ஏற்றும்போது மழை வந்துவிட்டது. அப்பா பிளாஸ்டிக் தாள் வாங்கக் கடைக்கு ஓடினார். நானும் சைக்கா ஓட்டும் பழனி அண்ணனும் நின்றோம். எனக்குப் பதினொரு வயது.

"என்னடா இது, பாடை மாதிரி ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு! உங்கப்பன் வர்றதுக்குள்ள குளிச்சிரும். மடிடா!"

"மடிக்கக் கூடாதுண்ணே."

"ஏன், அதுக்கு வலிக்குமாக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே மடித்தேன். அது அடங்காமல் எழும்ப, பழனி அண்ணன் முழங்காலை வைத்து அமுக்கினார். அப்போதுதான் அந்தச் சத்தம்.

"நீ சொல்லலன்னா நானும் சொல்ல மாட்டேன்" என்றார் அவர், முகம் வெளுத்து. அவசரமாகப் பிரித்து மறுபடி சுருட்டி வைத்தோம். அப்பா வந்து, சுருள் நனையாமல் இருப்பதைப் பார்த்து என் தலையைத் தடவினார்.

டோ நு வீட்டுக் கூடத்தில் விரித்தபோது நடுவில் குறுக்கே ஒரு முழத்துக்கு வாய் பிளந்திருந்தது. அந்த அம்மா பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அப்பாவுக்கு எங்கள் மேல் சந்தேகமே வரவில்லை. சுருட்டியதற்கே எலும்பு விட்டுப்போயிற்று, அப்படியானால் தான் காதருகே வைத்துக் கேட்டதுதான் தவறு என்று நினைத்துவிட்டார்.

"என் காது ஏமாத்திருச்சு டோ நு. தப்பு என்னோடது." கூலி வாங்காமல் இறங்கி நடந்தார். நான் பின்னாலேயே நடந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா ஒரே மூலையைப் பத்துத் தடவை வளைத்துக் கேட்பார். "உனக்கு ஏதாச்சும் கேக்குதாடா?" என்று என்னைக் கேட்பார். இல்லை என்பேன், அவர் நம்பமாட்டார், நனைக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைசியில் வேலையையே விட்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். நெஞ்சில் சளி கட்டிச் செத்தார். நடுவில் ஐந்து மழைக்காலம் இருந்தது எனக்கு, சொல்வதற்கு.

அந்தப் பெரிய வீடுகள் இன்று அடுக்குமாடிகளாகிவிட்டன, தரையெல்லாம் டைல்ஸ். டோ நு ஆற்றோரத்துக் கியாக்தான் ஊரில் மகனோடு இருப்பதாகப் போன மாதம் கேள்விப்பட்டு, உங்களிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். தொண்ணூறைத் தொடும் வயது. கம்பளம் கழுவிய கோ மாரியின் மகன் என்றதும் (அப்பாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) முகம் மலர்ந்தது.

"ஓ, அந்தச் செவிட்டு ஆளா!"

அவர் செவிடில்லை, மடித்தது நான் என்று முழுவதையும் பர்மியத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு, "கம்பளம்தானே, போகுது விடு. சோறு சாப்பிட்டியா?" என்றார்.

வெளியே வந்து படகுத்துறைக்கு நடந்தேன். சுற்றி யாருக்கும் தமிழ் தெரியாது. ஆற்றைப் பார்த்தபடி, "நான்தான்பா மடிச்சேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு, சத்தம் போதவில்லையோ என்று, இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.