மன்னாரில் பார்க்க என்ன இருக்கு?

வாடகைக்கு ஓட்டோ ஓட்டுகிறவனுக்கு வழி தெரிந்தால் போதும். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றுகிறவனுக்கு ஊரில் இல்லாதவற்றுக்கெல்லாம் பதில் சொல்லவும் தெரிய வேண்டும். நான் உப்புக்குளத்துக்காரன். மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால்தான் என் ஓட்டோ நிற்கும். பக்கத்தில் பள்ளிமுனைச் சூசையின் ஓட்டோ. சண்டை முடிந்து ரயிலும் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு, கறுப்புக் கண்ணாடியும் போனுமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் வழிகாட்டிகள். எங்களை யாரும் நியமிக்கவில்லை. வெளியூர்ச் சொந்தக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து முடித்த கையோடு, "இங்க பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டு, நீங்களும் தலையைச் சொறிந்திருந்தால் என் பாடு உங்களுக்கு விளங்கும்.

பெருக்கமரம்

முதலில் காட்டுவது பள்ளிமுனைப் பெருக்கமரத்தை. அந்தக் காலத்தில் அரபு வியாபாரிகள் ஒட்டகத்துக்குத் தீன் போடக் கொண்டுவந்து வைத்தது என்று சொல்லுவார்கள். அடிமரம் ஒரு சின்ன வீட்டளவு இருக்கும். பிரச்சினை என்னவென்றால், வெயில் காலத்தில் அது இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். ஆட்கள் லீவு போட்டு வருவதும் அதே வெயில் காலத்தில்தான்.

கொழும்பில் இருந்து ஒரு ஐயா குடும்பத்தோடு வந்தார். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரத்தைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார். "ஐயா, இது உயிரோடதான் நிக்குது. மழை விழுந்தா தளிர்க்கும்" என்றேன். நம்புகிறவர் மாதிரித் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது பின்சீட்டில் இருந்து யாருக்கோ போன் பேசுவது கேட்டது: "ஓம், மன்னாரிலதான் நிக்கிறன். இங்க ஒரு பெரிய மரம் பட்டுப்போய் நிக்குது. பாவங்கள், இன்னும் வெட்டாம வச்சிருக்குதுகள்."

கோட்டையும் கழுதையும்

மன்னாரில் கழுதைகள் தெருவிலேயே பிறந்து தெருவிலேயே வளருகின்றன. பஸ்ஸுக்கு வழி விடாது, ஹோன் அடித்தால் திரும்பியும் பார்க்காது. எங்களுக்கு அது தொல்லை. யாரையாவது திட்ட வேண்டும் என்றால் அதன் பெயரைச் சொல்லுவோம், அவ்வளவுதான்.

ஒருமுறை வெள்ளைக்கார அம்மா ஒருவர் தனியாக வந்தார். ஆஸ்பத்திரித் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவராம். கோட்டைக்குக் கூட்டிப்போனேன். போர்த்துக்கேயர் கட்டினது, ஒல்லாந்தர் பிடித்தது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மதில் நிழலில் படுத்திருந்த கழுதையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் சொந்தக்காரர் யார் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். முந்தி மூட்டை சுமந்தது, இப்போது ஒன்றும் செய்வதில்லை என்றேன். கழுதையை இன்னொரு படம் எடுத்துவிட்டுச் சொன்னார். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்: "வேலை இல்லை, முதலாளி இல்லை, கடற்கரையில் இருப்பிடம். இதுக்காகத்தானே நான் இவ்வளவு காலமும் வேலைக்குப் போனேன்."

இதைச் சூசையிடம் சொன்னேன். அன்று மத்தியானம் வரை அவனுக்கு ஒரு சவாரியும் கிடைக்கவில்லை. "எனக்கும் கடற்கரையிலதான் வீடு. என்னை ஒருத்தரும் படம் பிடிக்கேல்லயே" என்றான்.

அல்லிராணி கோட்டை

அரிப்புக் கடற்கரையில் ஒரு இடிந்த மாளிகை நிற்கிறது. கடல் கரையை அரித்து அரித்து அதன் காலடிக்கு வந்துவிட்டது. ஊரில் அதற்குப் பெயர் அல்லிராணி கோட்டை. ஆண்களை அண்டவிடாத ராணி ஒருத்தி அங்கே இருந்து முத்துக்குளிப்பை ஆண்டாள் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஏற்றிப்போன பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் என்னை வெயிலில் நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். அது வெள்ளைக்காரக் கவர்னர் முத்துக்குளிப்பு நேரத்தில் வந்து தங்கக் கட்டின வீடு, ராணியும் இல்லை கூனியும் இல்லை, இப்படிப் பொய் சொல்லிப் பிழைக்கக் கூடாது என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்ததாக வந்தது யாழ்ப்பாணத்தில் இருந்து புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு சோடி. நான் முழு உண்மையையும் சொன்னேன். கவர்னர், தூண், மாடிப்படி, ஒன்றும் விடவில்லை. மாப்பிள்ளை போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். பெண்பிள்ளையின் முகம் வாடிவிட்டது. ஓட்டோவில் ஏறும்போது மெல்லக் கேட்டாள்: "வெள்ளைக்காரன்ர இடிஞ்ச வீடு எங்கட ஊரிலயும் கிடக்கு அண்ணை. நாங்கள் இவ்வளவு தூரம் ராணியிட்டயெல்லே வந்தனாங்கள். அவவை ஏன் எங்களிட்ட இருந்து பறிச்சனீங்கள்?"

இந்தியா

தலைமன்னார் பழைய இறங்குதுறைக்கு வருகிறவர்களுக்கு இந்தியா தெரிய வேண்டும். அங்கே இருந்து இந்தியா தெரியாது. இதைப் புறப்படும்போதே சொல்லிவிடுவேன். யாரும் நம்பமாட்டார்கள்.

கனடாவில் இருந்து ஒரு பெரியவரும் மனைவியும் வந்தார்கள். கப்பல் ஓடின காலத்தில் அவர் இந்தத் துறையில் ஏறி ராமேஸ்வரம் போய், திருச்சியில் படித்தவர். வழி முழுக்க மனைவிக்கு அந்தக் கதைதான். வந்து பார்த்தால் துறையில் பாதிப் பலகை இல்லை. துருப்பிடித்த இரும்புத் தூண்கள் கடலுக்குள் போய் நிற்கின்றன. பெரியவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வடமேற்கே பார்த்தபடியே நின்றார். தண்ணீர்தான் தெரிந்தது. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நானே அந்த நாட்டை ஒளித்து வைத்திருப்பது போல இருந்தது. அந்த நேரம் மனைவியின் கைப்பைக்குள் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார். கரையோரத்தில் இந்தியச் சிக்னல் பிடிக்கும். இந்தியாவுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று மெசேஜ் வந்திருந்தது. அந்த அம்மா கணவரின் தோளைத் தட்டிச் சொன்னார்: "வாங்கோ போவம். நீங்கள் தேடுறது போனுக்குத் தெரிஞ்சிட்டுது."

நாற்பது அடிக் கபுறு

தலைமன்னார்ப் பக்கம் மிக நீளமான இரண்டு கபுறுகள், முஸ்லிம் சமாதிகள், இருக்கின்றன. நாற்பது அடி என்று சொல்லுவார்கள். ஆதம் நபியின் பிள்ளைகள் அடங்கின இடம் என்பது நம்பிக்கை. எந்த மதத்துக்காரர் வந்தாலும் அதைப் பார்க்காமல் போகமாட்டார்.

புத்தளத்தில் இருந்து ஒரு உம்மாவும் மகனும் வந்தார்கள். மகனுக்கு முப்பது வயது இருக்கும். புடவைக்கடை வைத்திருக்கிறார், கசங்காத வெள்ளைச் சேர்ட். உம்மாவுக்குப் பிறந்த ஊரைக் காட்ட வேண்டும் என்று வந்தவர் கோட்டை, மரம், துறை என்று எல்லாவற்றுக்கும் கூட்டிப்போகச் சொன்னார். உம்மா எங்கேயும் இறங்கவில்லை. நீளக் கபுறில் மட்டும் இறங்கி, முக்காட்டைச் சரிசெய்து ஓதினார். பிறகு என் பக்கம் திரும்பி, "மகன், தாராபுரத்து மையவாடிக்குப் போவமா?" என்று கேட்டார்.

வழியில்தான் மகனுக்குச் சொன்னார். இந்த மகனுக்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளை, இவருடைய நானா, அதாவது அண்ணன், பிறந்து, காய்ச்சலில் மௌத்தாகி, அங்கே அடக்கியிருக்கிறதாம். அதற்கு அடுத்த வருஷம், சண்டைக் காலத்தில், முஸ்லிம்களான எங்கள் ஆட்கள் எல்லாரும் உடுத்த உடுப்போடு மன்னாரை விட்டுப் போக வேண்டி வந்தது. எங்கள் வீட்டாரும் அப்படிப் போய்த் திரும்பினவர்கள்தான். அதனால் நான் கண்ணாடியில் பின்னுக்குப் பார்க்காமல் ஓட்டினேன்.

பெண்கள் அடக்கஸ்தலத்துக்குள் போவதில்லை என்று உம்மா மதிலுக்கு வெளியே நின்றுகொண்டார். நானும் மகனும் உள்ளே போனோம். "கிணத்துக்கு இங்கால, வேலி மூலையில, தலைமாட்டில ஒரு சின்னக் கல்லு" என்று வெளியில் இருந்து குரல் வந்தது. கிணற்றை மூடிவிட்டிருந்தார்கள். வேலி இருந்த இடம் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் முள்ளுப்பற்றை, அதற்குள் எத்தனையோ சின்னக் கற்கள். மகன் வெள்ளைச் சேர்ட்டோடு முழங்காலில் இருந்து முள்ளை விலக்கிக்கொண்டே போனார். கையில் இரத்தம் வந்தது. கடைசியில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நின்று, "இதுவா உம்மா?" என்று கூப்பிட்டார். "ஓம் மகன், அதுதான்" என்றார் உம்மா. மகன் அந்தக் கல்லடியிலேயே நின்று, வெகுநேரம் கையேந்தி துஆ கேட்டார்.

மதில் உம்மாவைவிட உயரம். மகன் கை கழுவப் பள்ளிவாசல் பக்கம் போன நேரம், "உம்மா, அதுதான் எண்டு எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபிக்கவில்லை. ஓட்டோவுக்குள் ஏறி இருந்துகொண்டு சொன்னார்: "நாற்பது அடிக் கபுறெண்டா ஆரும் காட்டுவாங்க மகன். ஒரு முழக் கபுறை ஆர் காட்டுற? அவன் நானாவுக்கு ஓதிட்டான், எனக்கு அது போதும்."

இவ்வளவு காலம் ஓடியும் இந்தத் தொழிலில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: மன்னாரில் பார்க்க எல்லாம் இருக்கிறது, வருகிறவர்கள் பார்க்க வந்ததைத் தவிர.