இடது கைக்குத் திருப்பிய படங்கள்

எங்கள் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம், பா என்ற நகரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். கடை திறக்கும் முன்பே, நாட்டை விட்டுப் போகப் பாஸ்போர்ட் படத்துக்கு ஆட்கள் வந்து நிற்பார்கள். "சிரிக்காதீங்க" என்பேன். சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

என் அண்ணனும் அப்படியொரு படம் எடுத்துக்கொண்டு நியூசிலாந்துக்குப் பழத்தோட்ட வேலைக்குப் போனான். வெட்டுக்குத் தயாரான கரும்போடு அண்ணி தனியாக நின்றாள். கரும்பு வெட்டும் கும்பலில் பாதிப் பேர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். கும்பலின் தலைவரான சர்தார் கையை விரித்தார். அண்ணியை அவர் இந்தியில் 'பாவ்ஜி' என்றுதான் கூப்பிடுவார்.

"வூட்டுக்கு ஒரு ஆள் வரணும் பாவ்ஜி. இல்லாட்டி உங்க வயல் கடைசிதான்."

"நானே வரேன்," என்றாள் அண்ணி.

அண்ணிக்கு இடது கைப் பழக்கம். சர்தார் வெட்டிக் காட்டுவதெல்லாம் வலது கையில். எதிரே நின்று பார்க்கலாமென்றால் நடுவில் கரும்பு. அண்ணி வெட்டினால் அடிக்கட்டை உயரமாக நின்றுவிடும். "இனிப்பெல்லாம் அடியிலதான் பாவ்ஜி!" என்று சர்தார் தலையில் அடித்துக்கொள்வார். கையை மாற்றிப் பார்த்ததில் கத்தி வழுக்கி முழங்காலுக்குக் கீழே காயம்.

"சின்னதுல இந்தக் கையால எழுதுனேன்னு அடிச்சாங்க. அடிச்சும் மாறல," என்றாள், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு பழைய புத்தகம் கிடந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ குதிரை ஓடுவதையும், ஆள் சம்மட்டி அடிப்பதையும் கணம் கணமாகப் படமெடுத்து வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். வேலை ஓய்ந்த நேரத்தில் புரட்டிப் பார்ப்பேன். அண்ணி சொன்னதைக் கேட்டதும் அந்தச் சம்மட்டிக்காரன் நினைவுக்கு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியைக் கேட்டுக் கேமராவோடு வயலுக்குப் போனேன். அது ஒரு வீச்சுக்குள் பல படம் எடுக்கும் கேமரா இல்லை. அதனால் சர்தாரைத் திரும்பத் திரும்ப வெட்டச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் சற்றுத் தாமதித்து அழுத்தினேன். குனிவது, கரும்பைப் பிடிப்பது, கத்தி தூரில் இறங்குவது, தோகையைச் சீவுவது என்று எல்லாம் சேர்ந்தது.

"எனக்கும் பாஸ்போர்ட்டா?" என்று சர்தார் சிரித்தார்.

இருட்டறையில் நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரதி எடுத்தேன். படத்தில் சர்தார் இடது கைக்காரராகிவிட்டார்! அட்டையில் வரிசையாக ஒட்டிக் கொடுத்ததும் அண்ணி தரையில் குந்தி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"கையில ஒண்ணுமில்ல. கால்தான்! கத்தி புடிச்ச பக்கத்துக் கால அவரு பின்னால வக்கிறாரு. நான் முன்னால வச்சுக்கிட்டு நிக்கிறேன்."

எழுந்து காலை மாற்றி வைத்து, வெறுங்கையால் வீசிப் பார்த்தாள். மறுநாள் வயலில் கரும்பு தரையோடு விழுந்தது. மெதுவாகத்தான் வெட்டினாள், ஆனால் சர்தார் குனிந்து கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த வரிசையைக் காட்டினார். அந்த வருஷக் கரும்பு முழுவதும் மில்லுக்குப் போனது. அடுத்த வருஷ வெட்டுக்கு வேறு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். வலது கைப் பழக்கமுள்ள அவர்களுக்காகப் படங்களைப் புரட்டாமல் இன்னொரு அட்டை செய்தேன்.

அந்த வெட்டின் நடுவில், அண்ணியை அழைத்துப்போக அண்ணன் வந்தான். வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

"விசா வந்திருக்கு. கிளம்பு."

"பாதி வயல் நிக்கிது. வெட்டிட்டுப் போலாம்," என்றாள் அண்ணி, நிமிராமலே.

அண்ணன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"தள்ளி நில்லு. என் கத்தி அந்தப் பக்கம் வரும்," என்று அவள் சொன்னதும், சிரித்துக்கொண்டே இரண்டு வரிசை தள்ளிப் போய்க் குனிந்தான்.